கிடாவின் பேரில் கால் மணி நேரம்

எங்கள் கால்பந்து கிளப் ஜெயித்தால் அது தலைவர் சீ பஷீரின் பணம் (‘சீ’ எங்கள் ஊரில் மரியாதைச் சொல், ‘ஐயா’ மாதிரி). தோற்றால் கோச்சின் மூளைக் கோளாறு. ஆட்டக்காரன் எவனாவது தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் கண் திருஷ்டி. இந்த மூன்றிலும் ஷெட்லி ஸுவாரிக்கு இடமே கிடையாது. இத்தனைக்கும் ஆட்டக்காரர்களின் உடம்பைத் தேற்றி, காயம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. அதற்காகத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் எந்த மாதம் வரும் என்பது வேறு கதை.

நான் கிளப் பஸ்ஸை ஓட்டுகிறவன். ஸ்ஃபாக்ஸ், பிஸெர்த், காஃப்ஸா என்று ஊர் ஊராக இவர்களை ஏற்றி இறக்கியே என் முடி நரைத்தது. கோச்சுகள் வருவார்கள், போவார்கள். பாதிப் பேர் பெயர் எனக்குப் பழகுவதற்குள் போய்விடுவார்கள். ஷெட்லி மட்டும் போகவில்லை. என் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இருக்கை அவனுடையது.

ஷெட்லி ஒரு காலத்தில் எங்களுக்கு வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். நல்ல ஓட்டம். அப்போது இருந்த பயிற்சியாளர் பழைய பட்டாளத்து ஆள். ஆகஸ்ட் வெயிலில், ஆளுக்கொரு ஆளை முதுகில் தூக்கிக்கொண்டு கடற்கரை மணல்மேட்டில் ஏறி ஓடச் சொல்வார். வாந்தி எடுத்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம் சொல்வார். ஷெட்லியின் முதுகில் ஏறியது அப்போதைய கோல்கீப்பர். ஒட்டகத்தில் பாதி இருப்பான். பாதி மேட்டில் ஷெட்லியின் தொடைக்குப் பின்னால் தசை கிழிந்தது. ஆறுவதற்குள் ஓடச் சொன்னார்கள், மறுபடி கிழிந்தது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் பெயர் எடுக்க ஆரம்பிக்கிற வயசு அது. பட்டாளத்து ஆளுக்கு அந்த வருஷம் கேடயம் கொடுத்துப் பாராட்டினார்கள்.

அவன் தலைநகர் தூனிஸுக்குப் போய், காயம் படாமல் உடம்பைத் தேற்றுகிற வித்தையையே படித்துப் பட்டம் வாங்கித் திரும்பி வந்தான். ஊர் அவனுக்குப் ‘புரொஃபசர்’ என்று பெயர் வைத்தது. மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை.

அவன் கேட்டதெல்லாம் பயிற்சியில் ஒரு கால் மணி நேரம். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவன் புல்லில் முட்டி போடுவான், மற்றவன் அவன் கணுக்காலைப் பிடித்து அமுக்கிக்கொள்வான். முட்டி போட்டவன் இடுப்பை மடக்காமல், பலகை சாய்கிற மாதிரி, மெதுவாக முன்னால் சாய வேண்டும். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. கடைசியில் கையை ஊன்றி நெஞ்சு மண்ணில் பட விழ வேண்டும். அவ்வளவுதான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், செய்தால் தொடை நெருப்பாக எரியும்.

எங்கள் முன்கள ஆட்டக்காரன் ஷிஹேப் முதல் நாளே ஆரம்பித்துவிட்டான்.

“என்ன புரொஃபசர், வீட்டுப்பாடம் எழுதலையா நாங்க? முட்டி போடச் சொல்றீங்க?”

“உன் தொடைக்காகத்தான்டா சொல்றேன்.”

“என் தொடை நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க அதைப் பாக்கற வரைக்கும்!”

மறுநாள் எல்லாரும் பஸ் படியில் தாத்தாக்களைப் போல இறங்கினார்கள். பழக்கமில்லாத தசை வலிக்கத்தான் செய்யும், சில வாரத்தில் சரியாகும் என்று ஷெட்லி தொண்டை கிழியச் சொன்னான். இந்தப் பயிற்சிதான் காயத்தையே உண்டாக்குகிறது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பயிற்சி நின்றது.

அந்த இலையுதிர் காலத்தில் தொடைகள் வரிசையாகப் போயின. ஓடிக்கொண்டே இருப்பவன் குண்டு பட்ட மாதிரி நிற்பான், பின்தொடையில் கை போகும், அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள்தான் எங்கள் கிளப்பில் அதிகம் ஓடினார்கள். சீ பஷீர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மைதான வாசலுக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் சீட்டாடுகிறவர்கள், பயிற்சிக்குப் போகும் பையன்களை முறைத்துப் பார்க்கிறார்கள்.

“கண்ணுதான். பச்சைப் பாவி கண்ணு. ஒரு கிடா வெட்டினா சரியாயிரும்” என்றார்.

பள்ளிவாசல் இமாம் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் வெட்டினார்கள், வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால். கறி போட்டு ஆக்கிய குஸ்குஸ் ரவைச் சோறு பிரமாதம். ஷெட்லி இரண்டு தட்டு சாப்பிட்டான். அவனுக்குக் கறியோடு சண்டை இல்லை.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த மாதத்துக் கோச், விழுந்து கிடப்பவர்களைப் பார்த்துப் பயந்துபோய், ஷெட்லிக்கு அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டக்காரர்களும் பயத்தில் வாயை மூடிக்கொண்டு செய்தார்கள். குளிர் காலம் முழுக்க ஒரு தொடைகூடப் போகவில்லை.

ஊரே கிடாவைக் கொண்டாடியது. அதன் கொம்பை உடை மாற்றும் அறை வாசலில் மாட்டினார்கள். ஆட்டத்துக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போனான்.

“அப்ப நான் என்ன பண்ணேன் மப்ரூக் அண்ணே?” என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டான் ஷெட்லி.

“நீ ரெண்டு தட்டு குஸ்குஸ் சாப்பிட்ட” என்றேன்.

சிரிக்கவில்லை அவன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வசந்தம் வந்ததும் கோச் மாறினார். கிடா பார்த்துக்கொள்கிறபோது பையன்கள் எதற்கு மண்ணில் விழ வேண்டும் என்று சீ பஷீர் கால் மணி நேரத்தை ரத்து செய்தார். ஆட்டக்காரர்கள் கை தட்டினார்கள். ஷெட்லி போய்க் கெஞ்சினான், நடக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே, எதிராளியைத் தாண்டி ஓடிய ஷிஹேப் பின்தொடையில் கை வைத்து நின்றான். தசை கிழியவில்லை, சுளுக்கியதோடு போயிற்று. ஆனாலும் அவனைப் பார்த்த ஷெட்லியின் முகம் எனக்கு மறக்காது. மணல்மேட்டில் தன்னையே பார்த்த முகம் அது.

சீ பஷீர் ஷெட்லியைத் தன் எண்ணெய் ஆலைக்கு வரச் சொன்னார். நான்தான் கூட்டிப்போனேன்.

“கிடா அதோட வேலையைச் செஞ்சுது. நீ என்னய்யா செஞ்ச?” என்றார் எடுத்த எடுப்பில். “இன்னும் ஒரு தொடை போகட்டும், உனக்கும் கிளப்புக்கும் ஒண்ணுமில்ல. அந்தச் சம்பளத்துல மாசம் ஒரு கிடா வெட்டுவேன்.”

ஷெட்லியின் படிப்பு முழுக்க அவன் தொண்டையில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்வான். ஆனால் அவன் போய்விட்டால் அடுத்து வருகிறவன் இந்தப் பையன்களை மணல்மேட்டில் ஏற்றுவான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“தலைவரே, கிடா வேலை செய்யுது. நான் ஒத்துக்கறேன்” என்றான்.

சீ பஷீர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஆனா அதோட பலன் தானா உடம்புல ஏறாது. அது விழுந்த எடத்துல முட்டி போட்டு, நெஞ்சு மண்ணுல படற வரைக்கும் சாயணும். மெதுவா. அவசரப்பட்டு விழுந்தா பலன் போயிரும்.”

“தனியாவா?”

“கூட ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்கணும். தனியாப் பண்ணா ஏறாது.”

“எத்தனை தடவை?”

“மொதல்ல கொஞ்சம். வாரா வாரம் கூட்டணும்.”

“அட மனுசா, இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

திரும்பி வரும்போது ஷெட்லி என் பக்கம் பார்க்கவே இல்லை. “முன்னாடியே சொன்னேன் அண்ணே. கிடாவைச் சேத்துச் சொல்லல” என்றான். மைதான வாசலில் இறங்கும்போது, “இனிமே நான் யாரைப் பாத்துச் சிரிக்கறது?” என்றான்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! முன்பெல்லாம் ஷெட்லி அந்தப் பக்கம் திரும்பினால் இவர்கள் மூட்டை விழுவது போலத் தொப்பென்று விழுந்து கணக்கை முடிப்பார்கள். இப்போது வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடிக்கச் சண்டை. பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட, அங்குலம் அங்குலமாகச் சாய்ந்தார்கள். புரொஃபசரை ஏமாற்றலாம், கிடாவை ஏமாற்ற எவனுக்கும் துணிச்சல் இல்லை. ஷிஹேப்தான் எல்லாரையும்விட மெதுவாகச் சாய்ந்தான். அவன் தொடையும் தாங்கியது, மற்ற தொடைகளும் தாங்கின. லீக்கில் இருக்கிற பெரிய கிளப்புகளெல்லாம் வெளிநாட்டு மருத்துவர்களை வைத்துக்கொண்டு நொண்டியபோது, எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் கடைசி ஆட்டம் வரை காலில் நின்றார்கள்.

நன்றிக் கடனாக இன்னொரு கிடா வந்தது. முதல் கிடாவைவிடப் பெரிசு, புத்தியும் அதிகம். வண்டியிலிருந்து இறக்கும்போதே கயிற்றை அறுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியது. ஆட்டக்காரர்களெல்லாம் துரத்தக் கிளம்பினார்கள்.

“யாரும் ஓடாதீங்கடா! உடம்பு சூடாகல உங்களுக்கு!” என்று கத்தினான் ஷெட்லி. கத்திவிட்டுத் தானே ஓடினான்.

பழைய ஓட்டம் இன்னும் அவனிடம் இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டி கிடாவை மூலைக் கொடி பக்கம் மடக்கியும் விட்டான். அங்கே சட்டென்று நின்றான். பின்தொடையில் கை போனது. எந்தத் தொடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிடா அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் புல் மேய்ந்தது. வசந்தத்துக்குப் பிறகு எங்கள் கிளப்பில் பட்ட ஒரே காயம் அது.

ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து அவனைப் படுக்க வைத்தார்கள். அப்புறம் கோல்கீப்பர் மெல்லச் சொன்னான்: “கவனிச்சீங்களா? கிடா எடத்துல முட்டி போடாதது இவர் ஒருத்தர்தான்.”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீ பஷீரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, முன்பு ஒருமுறை கிளப் கோப்பை வாங்கிய அன்றுகூட நான் பார்த்ததில்லை. அவர்கள் சொன்னது உண்மைதானே. ஊருக்கெல்லாம் தொடையைப் பலப்படுத்தியவன் தன் தொடையை விட்டுவிட்டான். எனக்கு இனிமேல் எதற்கு, யார் ஆடக் கூப்பிடப்போகிறார்கள் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கே சீ பஷீர் உத்தரவு போட்டார். இந்தக் கிளப்பில் எந்தக் கோச் வந்தாலும், எந்தத் தலைவர் வந்தாலும், அந்தக் கால் மணி நேரத்தில் எவனும் கை வைக்கக் கூடாது. நிர்வாகிகள் உட்பட எல்லாரும் முட்டி போட வேண்டும். நானும் போட்டேன். என் தொப்பை மற்றவர்களுக்கு முன்னாலேயே மண்ணைத் தொட்டுவிடுகிறது.

ஷெட்லி கால் தேறி மைதானத்துக்கு வந்த அன்று, ஆட்டக்காரர்கள் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நடுவில் இடம் விட்டு நின்றார்கள். அவன் தயங்கித் தயங்கி முட்டி போட்டான். சீ பஷீர் கோட்டைக் கழற்றி ஷிஹேப்பிடம் கொடுத்துவிட்டு, ஷெட்லிக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடித்தார். இவன் ஆடிய காலத்தில் ஒருத்தனாவது இப்படிப் பிடித்திருந்தால் இவன் இன்னும் பத்து வருஷம் ஆடியிருப்பான்.

“மெதுவா ஷெட்லி, மெதுவா” என்றார் சீ பஷீர், குழந்தைக்குச் சொல்வது போல. “அவசரப்பட்டு விழுந்தா பலன் போயிரும். உனக்கு இதெல்லாம் புரியாது. நான் சொல்றதைக் கேளு.”

“சரிங்க தலைவரே” என்று சொல்லி, ஷெட்லி சாய ஆரம்பித்தான்.