சல்லிவன் துரைக்குப் போட்ட இலை

சாவியைச் சுழற்றித் திறக்கிற தகர டின் அது. மூடி சுருண்டு வரும்போது முதலில் வெண்மஞ்சள் கொழுப்பு தெரியும், அதன் அடியில் நாராக நாராகச் சிவந்த மாட்டிறைச்சி. தீபாவளிக்கு முதல் நாள் மாலை, இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த மாமாவின் வீட்டில் அதை ஒரு வாழை இலையில் கவிழ்ப்பார்கள். செத்துப்போனவர்களுக்குப் படையல் போடும் நாள் அது. ஒவ்வொருவருக்கும் ஓர் இலை, அதில் அவரவர் உயிரோடு இருந்தபோது விரும்பிச் சாப்பிட்டது. மாமாவின் அப்பாவுக்குக் கோழிக் குழம்பும் வெற்றிலையும், அம்மாவுக்கு உளுந்து வடையும் புதுச் சேலையும். எல்லாவற்றுக்கும் நடுவில், மற்றவற்றைவிடப் பெரிதான ஓர் இலையில் டின் இறைச்சி, ஒரு போத்தல் பியர், சிகரெட், வலப்பக்கம் முள்கரண்டி, கத்தி. அந்த இலை சல்லிவன் துரைக்கு.

மாமா என் அம்மாவின் அண்ணன். எங்கள் வீடுகளில் ஆடும் கோழியும் சமைப்போம்; மாட்டிறைச்சியை யாரும் தொடமாட்டார்கள். அத்தை மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டுதான் டின்னைத் திறப்பாள். ஆனால் படைத்ததை வீட்டார் சாப்பிட்டே ஆகவேண்டும், கொட்டக்கூடாது. எனக்கு எட்டு வயதாக இருந்த வருடம் மாமா அந்த இறைச்சியில் ஒரு விரற்கடை எடுத்து என் வாயில் வைத்தார். "முழுங்கு புள்ள. தொர வூட்டு ரத்தம் ஒனக்கும் ஓடுது" என்றார். குளிர்ந்த கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. விழுங்கினேன். பிறகு வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடிக் கழிவுநீர்க் கானில் வாந்தியெடுத்தேன். உள்ளே வந்தபோது மாமா சிரித்துக்கொண்டிருந்தார். "பழகிரும்" என்றார். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. பழகவில்லை.

மாமா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்க்கிற வேலை. அரைக் காற்சட்டை, முழங்கால்வரை மேசுக் காலுறை, கையில் பிரம்பு, தலையில் ஒரு பழைய தொப்பி. அவருடைய அப்பாவின் அப்பா அந்தத் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரை என்பதை ஊரில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். வீட்டுக் கதவில் தன் பெயருக்குப் பின்னால் 'சல்லிவன்' என்று வெள்ளைப் பெயின்டால் எழுதிவைத்திருந்தார். கதவில் மட்டும்தான். அடையாள அட்டையில் அந்தப் பெயர் இல்லை. அவருடைய அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடுதான் கிழித்திருந்தது. பெண்களுக்கு அது தெரியும். மலையில் அவர் தூரத்தில் வரும்போதே, "டின் தொர வாராரு, குனிஞ்சு பறிங்கடி" என்று ஒருத்தி சொல்ல, "குதிர எங்கடி, மேயப் போயிருச்சா?" என்று இன்னொருத்தி கேட்பாள். மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "எங்க தாத்தன் குதிரையில போன ரோட்டுலதான்டி நீங்க கூடைய வச்சிருக்கீங்க. எடுங்கடி, கூலிக் கழுதைங்களா!" என்று கத்துவார். அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அவள் தலை நிமிராமல் கூடையை எடுத்து ஓரமாக வைத்ததைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நான் மருமகளானேன். எங்களில் தாய்மாமன் மகனைக் கட்டுவது வழக்கம். என் கணவர் அப்பாவைப் போலில்லை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார், அதிர்ந்து பேசமாட்டார். அதனால்தான் சம்மதித்தேன் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் சம்மதித்தேனோ என்றும் சில நாட்களில் தோன்றும். மகள் பிறந்தாள். மூன்றாம் வாரம் அவள் கண்களை நன்றாக விரித்துப் பார்த்தபோதுதான் அவற்றின் நிறத்தைக் கவனித்தேன். சாம்பல் நிறம். மழைக்கு முந்தைய வானம் மாதிரி. பார்வை இல்லையோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, பார்வை நன்றாக இருக்கிறது, சொந்தத்தில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தது இப்படி வெளியே வரும் என்றார். மாமா அதைக் கேட்டதும் குழந்தையை என் மடியிலிருந்து பறிக்காத குறையாக எடுத்தார். அவருடைய கண்கள் நல்ல கறுப்பு. ஆயுள் முழுக்க அது அவருக்கு ஒரு குறை. "பாத்தியா தங்கச்சி! வந்துருச்சு பாத்தியா! தொர கண்ணு!" என்று என் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பிறப்பைப் பதிய வேண்டிய நாள் நெருங்கியது. மாமா ஒரு காகிதத்தில் என் மகளின் பெயரை எழுதி, கடைசியில் சல்லிவன் என்று சேர்த்துக் கொண்டுவந்தார். "என் காகிதத்துல ஏறல. இவ காகிதத்துல ஏறணும். கண்ணே சாட்சி சொல்லுது. இனம்னு கேட்டா இந்தியத் தமிழர்னு போடாதீங்க, வெள்ளக்காரக் கலப்பு, பறங்கியர்னு போடச் சொல்லுங்க" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

உண்மையாகவே யோசித்தேன், அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. உயர்தரப் பரீட்சையில் நல்லபடியாகச் சித்தியடைந்து கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் விலாசத்தைப் பார்த்த அம்மையார், "எஸ்டேட்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. என் மகளிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்றால் ஒரு பெயரைச் சேர்ப்பதில் என்ன கெட்டுவிடும்? மத்தியானங்களில் குழந்தை பால் குடிக்கும்போது ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். பரீட்சைக்குப் படிப்பது மாதிரிப் படித்தேன்.

அது அயர்லாந்துப் பெயர். ஓ'சல்லிவன் என்பதுதான் முழுப்பெயர். முன்னால் இருக்கும் 'ஓ'வுக்குப் பேரன், வழிவந்தவன் என்று பொருள். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒருவனிலிருந்து அந்தக் குடும்பம் தொடங்குகிறது. நல்ல விளைநிலத்தில் இருந்தவர்களை வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் தென்மேற்கில் மலையும் கடலும் சேருகிற கரட்டு நிலத்துக்குத் துரத்தினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் தங்கள் பெயரில் இருந்த 'ஓ'வைக்கூட விட்டுவிட்டார்கள். பெரும் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். இன்று அயர்லாந்தில் மிக அதிகமானோருக்கு இருக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில், இங்கிலாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன். மாமா ஏதோ அரச பரம்பரை மாதிரிக் கதவில் எழுதிவைத்த பெயர் அங்கே தெருவுக்குத் தெரு இருந்தது. பொருளைப் பற்றி அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது. ஒற்றைக்கண்ணன் என்கிறார்கள், பருந்துக்கண்ணன் என்கிறார்கள். பெரும்பாலோர் சொல்வது கருங்கண்ணன். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சத்தில் செத்தவர்களின் பிள்ளை, நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் பிள்ளை, இங்கே வந்து குதிரைமேல் ஏறி, பஞ்சத்துக்குப் பயந்து தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த இன்னொரு கூட்டத்தின் தலைக்கு மேல் நின்றிருக்கிறான். பசி என்றால் என்னவென்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். தெரிந்தும் நின்றிருக்கிறான்.

பேரன், வழிவந்தவன். யாருடைய வயிற்றில் வந்தவன் என்று அந்தப் பெயரில் எங்கும் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் போனேன். அவள் லயத்து ஒற்றையறையான காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துரைக்கு அந்தப் பெண்மேல் ஆசையாமே, மாமா சொல்வாரே என்று கேட்டேன்.

"ஆசையா? யாருடி அது ஆசைப்பட்டது?" அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பங்களாவுலேருந்து கூப்புட்டு அனுப்புனா போவணும். போவலைன்னா வேல நிப்பாட்டு. அவளுக்கு மட்டுமில்ல, அவ அப்பன் ஆத்தாளுக்கும். பதினஞ்சு வயசு இருக்கும்னு சொல்லுவாங்க. வயசுக்கு வந்து ஒரு வருசம்கூட ஆவலயாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வயிறு தெரிஞ்சதும் மலைக்கு மேல மேக்கணக்கு டிவிசனுக்கு அனுப்பிட்டாங்க. தொர சீமைக்குக் கப்பல் ஏறிட்டான். புள்ளைய ஒரு தடவ வந்து பாத்திருப்பானா? அவ இருந்து கொழுந்து பறிச்சு எங்கப்பாவ வளத்தா. முப்பது வயசுக்குள்ள செத்துப் போனா."

பெயர் கேட்டேன். அங்கம்மா என்றாள். படையலில் அவளுக்கு ஏன் இலை போடுவதில்லை என்று கேட்டேன்.

அம்மா கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அண்ணன் வேணாம்னுட்டாரு. அவளுக்கு எல போட்டா அவ யாருன்னு கேப்பாங்கல்ல."

பிள்ளையைப் பெற்று, வளர்த்து, செத்தவளுக்கு ஒரு வடைகூட இல்லை. கெடுத்துவிட்டுப் போனவனுக்குக் கத்தியும் முள்கரண்டியும். அதைக் கொட்டாமல் எங்கள் எல்லாருடைய வாயிலும் வைத்துத் திணித்திருக்கிறார்கள், வருடாவருடம், நாங்களும் விழுங்கியிருக்கிறோம். இத்தனை நாள் மாமாவைக் கோமாளி என்று நினைத்திருந்தேன். அவர் கோமாளி இல்லை. அந்தத் துரை விட்டுப்போன வேலையைத் தொப்பி போட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தவர்.

பதிவாளர் ஒரு வயதான சிங்களவர், எங்களிடம் தமிழிலேயே பேசினார். மாமாதான் முன்னால் போய்க் காகிதத்தை நீட்டினார். பதிவாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைசிப் பேர் யாரோடது?" என்று கேட்டார்.

"பரம்பரைப் பேருங்க. பிள்ளையோட கண்ணைப் பாருங்க, தெரியும்."

"கண்ணை எழுத இங்க எடமில்லையே ஐயா," என்று அவர் சிரித்தார். "தாய் தகப்பன் சொன்னா எழுதுறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். மூத்தவர்களை எதிர்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கொழும்பு அம்மையாரின் முகம் ஒரு கணம் வந்து போனது. என் மகள் நாளை, "ஏம்மா வேணாம்னு சொன்ன?" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். பிறகு, "அந்தப் பேர் வேணாங்க. அப்பா பேர் மட்டும் போதும். இனம் எங்களுக்கு என்னவோ அதையே போடுங்க" என்றேன்.

"ஏன் புள்ள? ஏன்?" என்றார் மாமா. அங்கே வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அங்கம்மாவைப் பற்றி அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேணாம் மாமா" என்றேன் மறுபடியும்.

"தோட்டக்காட்டுப் புத்தி எங்க போவும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் தனி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கவில்லை. அடுத்த வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதங்களாவது அவர் பேத்தியைத் தூக்கியிருந்தார், மிச்ச நாளும் தூக்கியிருக்கலாம், வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் நினைப்பேன். காரணத்தையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் இருந்த அருவருப்பு அவர் செத்த பிறகும் குறையவில்லை. அதற்காக நான் செய்த விதம் சரியென்று ஆகிவிடாது.

மகளுக்கு மூன்றரை வயது. போன மாதம் நுவரெலியாவில் ஒரு பாலர் பாடசாலையில் சேர்க்கப் போனேன். டீச்சர் எங்கள் ஆள்தான், லயத்தில் பிறந்து படித்து வந்தவர். மகளின் தாடையைத் தொட்டுத் தூக்கி, "அய்யோ, என்ன அழகு! வெள்ளைக்காரக் கண்ணு! யாருகிட்டேருந்து வந்துச்சு இது?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. "இவளோட முப்பாட்டன் ஒரு தொர..." என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது. மாமாவின் வாக்கியம், மாமாவின் தொனி. மேலண்ணத்தில் குளிர்ந்த கொழுப்பு ஒட்டிய மாதிரி இருந்தது. நிறுத்தினேன்.

"இல்லீங்க டீச்சர்," என்றேன். "இவ தாத்தாவோட அப்பாயி அங்கம்மான்னு ஒருத்தங்க. கொழுந்து பறிச்சவங்க. பதினஞ்சு வயசுல அவங்களப் பங்களாவுக்குக் கூப்புட்டு..."

டீச்சரின் கை மகளின் தாடையிலிருந்து மெதுவாக இறங்கியது. மேசைமேல் இருந்த படிவங்களை அடுக்கினார், அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். பிறகு என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.