ஒருசந்தி நாளில் பிடித்த சுருட்டு

ஒரு மனிதனின் விரல்களை நொறுக்குவதற்கு ஒரு தாளில் எழுதிய இரண்டு சொற்கள் போதுமா? தொண்ணூறுகளின் இறுதியில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

பட்டப்படிப்பை முடித்திருந்த நான் அப்போது நாகல் நகருக்கு அருகே ஒரு சுருட்டுப் பட்டறையில் தரம் பார்ப்பவனாக இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் விலையுயர்ந்த, நடுத்தரக் காரச் சுருட்டில் கட்டுக்கு ஒன்றை எடுத்துப் பிடித்துப் பார்த்து எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் அதைச் சுற்றியவருக்கு உரிய நிறத்தில் நூல் கட்டியிருக்கும். ஆகவே நான் எழுதும் குறை நேரே ஓர் ஆளின் மேல் போய் விழும்.

“சாருக்குப் புகை குடிச்சா சம்பளம், நாம குடிச்சா இருமல்” என்று சுற்றுபவர்கள் சிரிப்பார்கள்.

அன்று தவக்காலத்து வெள்ளி. ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நோன்பு இருந்ததால் காலையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. நோன்பில் புகை கூடாதென்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. அது என் வேலை என்றே நினைத்தேன்.

மஞ்சள் நூல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். பற்றவைக்கும் முன் இழுத்துப் பார்த்தேன். காற்று தடையின்றி வந்தது. காய்ந்த வைக்கோலின் வாசம். பற்றவைத்ததும் முதல் பங்கில் வறுத்த காப்பிக்கொட்டையும் லேசான இனிப்பும் தெரிந்தன. சாம்பல் வெளுப்பாக, உதிராமல் நின்றது. பாதியைத் தாண்டியதும் மிளகின் எரிவு தொண்டையில் குத்தியது. பிறகு யாரோ அடிவயிற்றில் உதைத்ததுபோல் குடல் புரண்டது. நெற்றி வியர்த்தது. உடனே “காரம் மிகை” என்று எழுதி, இலையை நிறுத்துக் கொடுத்து வேலை வாங்கும் மேஸ்திரியிடம் நீட்டிவிட்டு, கொல்லைப் பக்கம் ஓடி வாந்தியெடுத்தேன்.

காரம் மிகை என்றால் அங்கே ஒரே பொருள்தான்: கொடுத்த மிதமான இலையைச் சுற்றுபவர் திருடிக்கொண்டு, காட்டமான மட்ட இலையை உள்ளே வைத்துவிட்டார்.

அலறல் கேட்டுத் திரும்பி வந்தேன். எரியோட்டிலிருந்து வேலைக்கு வரும் அந்த மஞ்சள் நூல்காரரின் தலைமுடியைப் பிடித்து, முகத்தை மேசையில் மோதிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. மூக்கிலிருந்து இரத்தம் இலைகளின்மேல் சொட்டியது.

“நல்ல இலைய எங்கலே வித்த?”

“எம் புள்ள மேல சத்தியமா நீங்க நிறுத்துக் குடுத்த இலைதாண்ணே!”

“புள்ள மேல சத்தியம் பண்ற கையா லே இது?”

சுருட்டுகளை அமுக்கும் கனத்த மர அச்சின் மேல்பலகையைத் தூக்கி, மேசையில் விரிந்திருந்த அவர் வலக்கையில் மேஸ்திரி ஓங்கி இறக்கினார். ஒருமுறை. மறுமுறை. எலும்பு முறியும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவரும் எழவில்லை. மூன்றாவது அடிக்கு முன் நான் மேஸ்திரியின் கையைப் பிடித்துத் தொங்கினேன். என்னைச் சுவரில் மோதத் தள்ளினார்.

கையை மார்போடு அணைத்துத் தரையில் கிடந்தவர் என் வாயோரத்தைப் பார்த்தார்.

“சார், வாந்தியெடுத்தீங்களா? காலைல சாப்டீங்களா?”

“இல்ல. ஒருசந்தி.”

“வெறும் வயித்துல பிடிச்சா எந்தச் சுருட்டும் ஆளக் கொல்லும் சார்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, நோன்பை முறித்து நான்கு இட்லி தின்றேன். பிற்பகலில் எல்லோர் எதிரிலும் அதே கட்டிலிருந்து இன்னொன்றைப் பிடித்தேன். கடைசிவரை மிதமான காரம். குறையே இல்லாத சுருட்டு. தவறு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன்.

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அடிச்சது நானு. அடிக்க வச்சது ஒங்க எழுத்து சார்.”

அதில் பாதி உண்மை இருந்தது. நடந்தது முழுவதையும், என் தவறையும் சேர்த்து, முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி வேலையை இழந்தார். எரியோட்டுக்காரரின் இரண்டு விரல்கள் மறுபடி மடங்கவில்லை. சுருட்டு சுற்ற முடியாமல், குறைந்த கூலிக்கு இலை பிரித்தார். நான் அதன்பின் வெறும் வயிற்றில் சுருட்டைத் தொடவில்லை. சுற்றியவரை எதிரில் உட்கார வைத்து, அதே கட்டிலிருந்து இரண்டாவதையும் பிடித்துப் பார்த்த பிறகே எழுதினேன்.