இறக்காமத்துக்கு வழி சொன்ன பெட்டி

இறக்காமத்தில் பெரியும்மாவுக்கு வருத்தம் கடுமை, படுத்த படுக்கை, உடனே வரட்டாம் என்று சேதி வந்ததும் உம்மா ஓடிவந்து காரில் ஏறினார். இறங்கிப் போய் அபாயாவை மாற்றினார். ஏறி, மறுபடியும் இறங்கி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். காணிப் பங்கீட்டில் பேச்சு நின்றுபோன அக்கா தங்கை அவர்கள். நான் பெரியும்மாவை அதுவரை கண்டதே இல்லை.

வாப்பா கட்டாரில் இருந்தார். அங்கிருந்து லீவில் வந்த அவருடைய தம்பி, என் சாச்சாதான் கார் ஓட்டினார். அவர் கொண்டுவந்த வழி சொல்லும் பெட்டி, வெயிலுக்குக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்துகொண்டே இருந்ததால் என் மடிக்கு வந்தது.

"மேல வானத்தில சுத்துற செய்மதிக்கு நாம போறது தெரியுமா சாச்சா?"

"அதுக்கு நம்மளத் தெரியா மகள். ஒவ்வொண்டும் நான் இங்க நிக்கிறன், இப்ப நேரம் இது எண்டு சொல்லிக்கிட்டே இரிக்கும். அது வந்துசேர எவ்வளவு சுணங்குது எண்டு பாத்து, ஒவ்வொண்டும் எவ்வளவு தூரத்தில எண்டு பெட்டி கணக்குப் போடும். நாலு செய்மதி ஆப்பட்டா நாம நிக்கிற இடம் புடிபட்டுரும்."

"ரோட்டும் மேலருந்தா வருது?"

"இல்ல. ரோட்டு மெப் பெட்டிக்குள்ள இரிக்கி."

அந்த வரைபடம் பழையது. சம்மாந்துறை தாண்டி இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினோம். வயல் நடுவே போன பாதை ஒரு வாய்க்காலில் முடிந்தது. பெட்டிக்குள் அங்கே பாலம் இருந்தது. வெளியே எருமைகள்தான் நின்றன. பெட்டியோ, நேரே போ என்று ஆங்கிலத்தில் கோபமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. காரைத் திருப்பி வேறு பாதையில் விட்டார் சாச்சா. அது நெல் காயும் களத்தில் முடிந்தது.

உம்மா முக்காட்டு நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். "கெதியாப் போங்க தம்பி" என்பார். கார் விரைந்தால், "மெதுவா, மெதுவா" என்பார்.

போன் அடித்தது. பெரியும்மாவின் மகள். "சாச்சி, உங்களத்தான் கேக்கிறா" என்ற அழுகுரல் எனக்கும் கேட்டது.

உம்மா போனை மடியில் வைத்தார். "தம்பி, திருப்புங்க. குளக்கட்டால போய்ப் பள்ளிவாசலுக்குப் பின்னால விடுங்க."

பெரியும்மா வீட்டு வாசலில் கார் நிற்குமுன்னே உம்மா கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பாயில் கிடந்தவர் உம்மாவைப் பார்த்து, "சுணங்கிட்டாய்" என்றார். உம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பெரியும்மா அதன் பிறகும் ஒரு நோன்புப் பெருநாள் கண்டார்.

இல்லாத பாலத்தைக் காட்டிய மெப்பால்தான் சுணங்கினோம் என்று வாப்பாவுக்குப் போனில் சொன்னேன். பக்கத்தில் நின்ற உம்மா மறுக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து, கல்யாணம் வரை அந்தக் குளக்கட்டால் நடந்தவர், பிழையாகத் திரும்பிய இரண்டு இடத்திலும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.