ரிப்பன் கட்டிய ஓவன்

மலேசியாவின் லுக்குட்டில் குடியேறிய முதல் வாரத்தில், மளிகைக் கடையில் ஒரு பருப்புப் பொட்டலத்தை ஆட்காட்டி விரலால் காட்டினேன். பக்கத்தில் நின்ற என் கணவர் யாரும் பார்க்காதபடி அந்த விரலைப் பிடித்து மடக்கிவிட்டார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதுதான் காரணம் சொன்னார். இந்த நாட்டில் எதையாவது சுட்ட வேண்டுமானால் நான்கு விரல்களையும் மடக்கி, மேலே கட்டை விரலை வைத்து, அந்தக் கட்டை விரலால்தான் காட்ட வேண்டுமாம். ஆளைக் காட்டினாலும் அப்படித்தான், கடையைக் காட்டினாலும் அப்படித்தான். மலாய்க்காரர்களின் மரியாதை அது. இங்கே பிறந்த தமிழர்களுக்கும் கையோடு வளர்ந்துவிட்டது. பருப்புக்குக்கூடவா மரியாதை என்று கேட்டேன். "பழகிக்க லா" என்றார். அவர் லுக்குட்டிலேயே பிறந்து, இங்கேயே பட்டறை வைத்திருப்பவர். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஆறு வருடமாகிறது. பழகிவிட்டேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் ஆட்காட்டி விரலுக்குத்தான் வேலை அதிகம். ரேஷன் கடையில், தண்ணீர் லாரியின் முன்னால், பஞ்சாயத்து அலுவலகத்தில், வாய் திறப்பதற்கு முன்பே அது எழுந்துவிடும். ஒருமுறை எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் திறக்க ஓர் அதிகாரி வந்தார். மேல்நிலைத் தொட்டியில் லாரித் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார்கள். அவர் குழாயைத் திருகினார், தண்ணீர் கொட்டியது, படம் எடுத்தார்கள். ஜீப் கிளம்புவதற்குள் குழாயில் வெறும் காற்று வந்தது. என் மதினி பொன்னுத்தாய் இடுப்புக் குடத்தோடு ஓடிப்போய் ஜீப்பை மறித்து, அவர் மூக்குக்கு நேராக விரலை நீட்டி, "நீங்கதான தெறந்தீங்க, நீங்களே மூடிட்டுப் போங்க" என்றாள். தண்ணீர் வந்ததா என்றால், வரவில்லை. ஆனால் அந்த ஆள் அன்று தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். ஏமாற்றுகிறவர்கள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள். என் ஊரை உயர்த்திப் பிடிக்க இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே எனக்குப் பகுதி நேர வேலை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனவர்கள் கைத்தொழில் கற்றுச் சான்றிதழ் வாங்கும் இடத்துக்குச் சமூகக் கல்லூரி என்று பெயர். எங்கள் வட்டாரத்துச் சமூகக் கல்லூரிகளையெல்லாம் மேற்பார்வையிடும் தலைமை அலுவலகம் மாதம் ஒரு மடல் வெளியிடும். அதன் தலைப்பு, 'தலைமையிடமிருந்து: செய்திகளும் முன்னுரிமைகளும்'. உச்சியில் இயக்குநரின் படம், மாதா மாதம் மாறாத அதே சிரிப்பு. தோட்டத்துத் தமிழர்களுக்காக அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு மடலிலும் ஏழு முன்னுரிமைகள் இருக்கும். ஏழையும் முன்னால் நிறுத்தினால் எதுதான் முன்னால் போகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. சம்பளம் வாங்குகிறவளுக்கு அது தோன்றாது. அப்படி ஒரு மாதம் மூன்றாவது முன்னுரிமையாகத் தோட்டப்புற மகளிர் வந்தார்கள். சுவா என்ற ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் பேக்கரி வகுப்பு, பத்துச் சனிக்கிழமைகள், புத்தம் புதிய ஓவன். படித்ததும் எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. 'இனி உங்கள் வீட்டு வாசலிலேயே கேக் மணக்கும்' என்று கடைசியில் ஒரு வரி எழுதினேன். அந்த வரி மூலத்தில் இல்லை. நானாகச் சேர்த்தது.

அந்த மடலை வெட்டி, லாமினேட் செய்து, கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர் ஸ்டெல்லாக்கா. அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவர். வயது நாற்பத்து நான்கு. சி ரூசா கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருடமாக அறை கழுவுகிறார். குளியலறைத் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் இரண்டும் போய்விட்டன. படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவார். அந்த ஹோட்டல் சமையலறையில் கேக், ரொட்டிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே நின்றுகொண்டே வேலை செய்யலாம், மண்டியிட வேண்டியதில்லை. சமையலறைத் தலைவரான சீனர், திறன் சான்றிதழ் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன், வகுப்பு முடியும்வரை பொறுத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். இதெல்லாம் திறப்பு விழா அன்று ஸ்டெல்லாக்காவே என்னிடம் சொன்னது. "இது நீங்க எழுதுனதுதான, டீச்சர்? செஃப்கிட்டயும் காட்டிட்டேன்" என்று லாமினேட் தாளை எடுத்து நீட்டினார். நான் டீச்சர் இல்லை என்றேன். "எழுதுறவங்க எல்லாம் டீச்சர்தான் லா" என்றார்.

விழாவுக்குக் கூடாரம் போட்டு, நாற்காலிகளுக்கெல்லாம் பட்டுத்துணியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் ரோஸ் நிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவு. நடுவில் ஓவன், அதன் வயிற்றைச் சுற்றி அகலமான சிவப்பு ரிப்பன். இயக்குநர் ரிப்பனின் ஒரு நுனியை மட்டும் வெட்டினார். எல்லோரும் கட்டை விரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பிரியாணி. பெண்கள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லாக்கா என் முழங்கையைத் தொட்டார்.

"டீச்சர், ஓவன லோரில ஏத்துறாங்க."

"கரண்ட் லைன் பாத்துட்டுத் திரும்பக் கொண்டுவருவாங்கக்கா."

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. சாப்பிட்ட வாய் தானாகச் சொன்ன பொய் அது.

ஓவன் திரும்பி வரவில்லை. வகுப்பு மட்டும் நடந்தது. சொல்லிக் கொடுக்க ஒப்பந்தத்தில் வந்த சின்னப் பெண், வெள்ளைப் பலகையில் ஓவனை வரைந்தாள். கதவு, விளக்கு, மூன்று திருகுகள். இது சூடு, இது நேரம் என்று அவள் சொல்ல, பன்னிரண்டு பெண்கள் காற்றில் கையைத் திருப்பிப் பழகினார்கள். ஒரு சனிக்கிழமை நான் அதை நேரில் பார்த்தேன். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் இல்லாத திருகை அவ்வளவு கவனமாகத் திருகினார்கள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. ஸ்டெல்லாக்கா அதோடு விடவில்லை. கிறிஸ்மசுக்கு வீட்டில் செய்கிற மாதிரியே கனத்த அலுமினியப் பானையில் மணலைப் பரப்பி, உள்ளே கேக் தட்டை வைத்து, தகர மூடியின் மேல் தேங்காய் ஓட்டுத் தணலைப் போட்டு, வாராவாரம் பாடத்தில் வந்ததைச் சுட்டுக் கொண்டுவந்தார். அந்தச் சின்னப் பெண் ஒரு துண்டு தின்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திறன் சான்றிதழ் வேண்டுமானால் மதிப்பீட்டாளர் முன்னால் ஓவனில் சுட்டுக் காட்ட வேண்டும், பானையில் சுட்டது கணக்கில் வராது என்று அவள்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

மறுவாரம் தலைமை அலுவலகத்தில் மடலுக்கான கூட்டம். தோட்டப்புற மகளிர் வகுப்பு வெற்றிகரமாக நடக்கிறது என்று இயக்குநர் படித்துக்கொண்டே போனார். பொறுக்க முடியாமல் எழுந்தேன். "ஓவன் எங்கே? நீங்கள்தானே ரிப்பன் வெட்டினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கேட்கும்போது என் ஆட்காட்டி விரல் மேசையைத் தாண்டி அவர் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது. பொன்னுத்தாயின் விரல். எல்லோரும் விரலைப் பார்த்தார்கள். ஓவனை யாரும் நினைக்கவில்லை. இயக்குநர் அதே சிரிப்போடு, "குறித்துக்கொண்டோம்" என்றார். வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளர் குணா என்னை ஓரமாக அழைத்தார். தமிழர், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"டைரக்டர் மூஞ்சிக்கு நேரா வெரல நீட்டுறீங்க. எவ்ளோ குராங் ஆஜார் தெரியுமா? வளக்கத் தெரியாத வீட்டுப் புள்ளனு நெனப்பாங்க லா."

"சரி, மன்னிச்சிருங்க. ஓவன்?"

"அது வேற டிப்பார்ட்மென்ட் லா."

அடுத்த மடலில் எட்டாவதாக ஒரு முன்னுரிமை முளைத்தது: பணியிடத்தில் பண்பாடும் கை மொழியும். அதையும் நான்தான் தமிழில் எழுதினேன். எழுதி, ஒற்றுப்பிழை பார்த்து, நேரத்துக்கு அனுப்பினேன்.

பத்தாவது சனிக்கிழமை நிறைவு விழா. மறுபடியும் கூடாரம், முடிச்சுப் போட்ட நாற்காலிகள், ரோஸ் நிறம். போர்ட்டிக்சன் நகரத்துக் கடையொன்றிலிருந்து அட்டைப் பெட்டிகளில் கேக்குகள் வந்து இறங்கின. குணாவின் ஆட்கள் பெட்டிகளை மண்டபத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கேக்குகளை மட்டும் தட்டுகளில் எடுத்து, ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் ஒன்றாக வைத்தார்கள். அவர்கள் சுட்டதாம். ஸ்டெல்லாக்கா பிஸ்கட் தகர டப்பாவில் கொண்டுவந்திருந்த பழக் கேக்கை ஒருவர் எடுத்து, மேசை விரிப்புக்குக் கீழே தள்ளினார். காலணிகளுக்குப் பக்கத்தில். சோறு போடும் கையால் எச்சில் இலை எடுக்க வைத்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

இயக்குநர் வரிசையாக வந்தார். கையில் கொடுத்த சான்றிதழ் எல்லாமே பங்கேற்புச் சான்றிதழ், வந்து உட்கார்ந்திருந்ததற்கு. ஸ்டெல்லாக்கா தன்னுடையதை இரண்டு முறை படித்தார். பிறகு சற்றுக் குனிந்து, வலக்கை விரல்களை மடக்கி, கட்டை விரலை மேலே வைத்து, தன் முன்னால் இருந்த கேக்கைக் காட்டினார். ஒரு குற்றம் சொல்ல முடியாத மரியாதை. மலாயில், தணிந்த குரலில், "துவான், இந்தக் கேக்கை நாங்கள் சுடவில்லை. எங்களுக்கு ஓவன் தரவில்லை" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது. இயக்குநருக்கும் கேட்டது, அந்தச் சிரிப்பு ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். பிறகு "பாகுஸ், பாகுஸ்" என்றபடி, நன்று நன்று என்றபடி, ஸ்டெல்லாக்காவின் கைக்குப் பக்கத்தில் தன் கட்டை விரலையும் உயர்த்திப் படக்காரன் பக்கம் திரும்பினார். கூட நின்றவர்களும் உயர்த்தினார்கள். படம் எடுத்துவிட்டார்கள்.

ஹோட்டல் சீனர் நல்ல மனிதர்தான். சான்றிதழைப் படித்துப் பார்த்து, இது போதாதே என்று வருந்தினாராம். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லாக்கா திங்கட்கிழமை மறுபடி வாளியோடு குளியலறைக்குள் போனார்.

அந்தப் படம்தான் அந்த மாத மடலின் முகப்பு. 'மகிழ்ச்சியில் கட்டை விரல் உயர்த்தும் தோட்டத்து மகளிர்' என்று எழுதித் தரச் சொல்லி எனக்கு வந்தது. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள், 'இந்தக் கேக்கை நாங்கள் சுடவில்லை, எங்களுக்கு ஓவன் தரவில்லை என்று இயக்குநரிடம் சொல்கிறார் ஸ்டெல்லா' என்று எழுதி அனுப்பினேன். வேலை போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். குணாவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு கட்டை விரல் வந்தது. அவ்வளவுதான். படிக்காமலேயே அச்சுக்குப் போய்விட்டது. மடல் வெளிவந்து மூன்று வாரமாகிறது. தலைமை அலுவலகத்தில் ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடமாக நான் எழுதிய தமிழை அங்கே யாரும் படித்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை போயிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

போன சனிக்கிழமை ஸ்டெல்லாக்கா சாமான் வாங்க லுக்குட்டுக்கு வந்தவர், எங்கள் பட்டறைப் பக்கம் வந்தார். புது மடலைப் படித்திருந்தார்.

"சரியா எழுதியிருக்கீங்க, டீச்சர். லயத்துல எல்லாரும் படிச்சாங்க."

"எழுதி என்னக்கா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. அது தெரியும்." கைப்பையிலிருந்து அந்தப் பழைய லாமினேட் தாளை எடுத்தார். "இத நீங்களே வச்சிக்குங்க. எனக்கு இனி எதுக்கு?"

வாங்கிக்கொண்டேன். கேக் மணக்கும் என்ற என் வரி பிளாஸ்டிக்குக்கு உள்ளே பளபளவென்று இருந்தது. ஸ்டெல்லாக்கா அப்போது என்னைத் தாண்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி வந்தது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அதே ஓவன். சிவப்பு ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. "சி ரூசா பக்கம் ஒரு கம்பத்துல நாளைக்குத் தெறப்பு விழாவாம்" என்று ஒரு மலாய்க் கிராமத்தைச் சொல்லி, விரல்களை மடக்கிக் கட்டை விரலால் அதைக் காட்டினார். நானும் காட்டத்தான் கையைத் தூக்கினேன். ஆட்காட்டி விரல் பாதி நீண்டது, கட்டை விரலும் பாதி எழுந்தது, இரண்டும் அப்படியே அந்தரத்தில் நின்றன. இந்த முறை மடக்கிவிட என் கணவர் பக்கத்தில் இல்லை. லாரி சி ரூசா சாலையில் போய்க்கொண்டிருந்தது.