ஒன்பதாம் தேதி வருகிறவர்

எங்கள் சொசைட்டியில் அப்பா சாகவில்லை. வீட்டைப் பொறுத்தவரை அவர் செத்துப்போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, ரேஷன் கார்டிலும் பெயரை அடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த மாடி அறைக்கு மட்டும் அவர் மாதாமாதம் வந்து போய்க்கொண்டிருந்தார். இப்போது இதை நான் பேய்க்கதையாகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது எனக்கு ஒன்பது வயது, அது பேய்க்கதையாகத்தான் இருந்தது.

சொசைட்டியின் பலகையில் கூட்டுறவு, சிக்கனம், நாணயம் என்று தொடங்கி மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பெயர் எழுதியிருக்கும். அப்பா அதில் பங்கு வைத்திருந்தார். பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவருக்கு வேறு எதிலும் பங்கு கிடையாது என்பதால் இதில் ஏகப் பெருமை. "பேங்க்ல நாம வரிசைல நிக்கிற ஆளு. இங்க நாமதான் முதலாளி" என்பார். வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடும். முதலாளிகள் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு மிக்சர் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். லட்டில் பாதி எனக்கு வரும்.

அங்கே இருந்த கணக்கர் யாரிடமும் பாஸ்புக்கை முதலில் கேட்கமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆளை ஒரு பார்வை பார்ப்பார், உடனே பேரேட்டில் சரியான பக்கத்தைப் புரட்டிவிடுவார். "மூஞ்சியப் பாத்தா நம்பர் வந்துடும்" என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அதை யாரும் மறுத்ததில்லை.

அப்பா போனபின் அம்மா அடையாறில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பெயர் எழுதி டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தைப் பேங்கில்தான் போடுவோம் என்றார்கள். அதைக் கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ராயப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன். அப்போதுதான் அவருக்கு ஏ.டி.எம். கார்டு வந்திருந்தது. அதைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வார். பாதி நாள் நம்பரை மறந்துவிட்டு மிஷினைத் திட்டுவார் என்பது தனி விஷயம்.

"இன்னாம்மா நீ, அந்த சொசைட்டிய இன்னும் கட்டிக்கினு அழுவுற? அத்தனையும் எடுத்து பேங்க்ல போடு. ஆத்திர அவசரத்துக்கு ராத்திரி பகல் எப்ப வோணா எடுக்கலாம். சொசைட்டியில அந்த ஆளு சாப்ட்டு வர்ற வரைக்கும் படிக்கட்டுல குந்திக்கினு கெடக்கணும்."

தி.நகரில் ஒரு பேங்குக்கு மூன்று பேருமாகப் போனோம். குளுகுளு அறை, டோக்கன், கண்ணாடித் தடுப்பு. விண்ணப்பத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் அம்மா அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் பார்த்துவிட்டு, "இருக்காரா மேடம்?" என்றாள். மாமாதான் பதில் சொன்னார். "அப்ப முன்னாடி 'லேட்' போட்டுடுங்க" என்று பேனாவைத் திருப்பித் தந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகவும் சொல்லவில்லை. அம்மா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் டோக்கன் எண்கள் மாறி மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுதினாள். அந்த இரண்டு எழுத்தும் மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக இருந்தன.

அடுத்த வாரம் சொசைட்டிக் கணக்கை முடிப்பதற்காக அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனாள். இறப்புச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். உச்சிவெயில் நேரம். மாடியில் கம்பி வலைக்குப் பின்னால் கணக்கர் தனியாக இருந்தார். தலைக்கு மேல் காற்றாடி கடகடத்தது. அம்மா உறையைத் திறப்பதற்குள் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார்.

"வாம்மா. சார் வரலியா?"

அம்மா உறையைத் திறக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"போன ஒம்பதாந்தேதி வந்தாரே. தவணையக் கட்டிட்டுக் குடைய இங்கயே வுட்டுட்டுப் போயிட்டாரு. மறதி ஜாஸ்தியாயிடிச்சி அவருக்கு. முன்ன மாதிரி பேசறதும் இல்ல."

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார். கறுப்புக் குடை. பிடியில் வெள்ளைப் பெயிண்டால் அப்பாவின் இனிஷியல். மழை நாட்களில் நான் பிடித்துக்கொண்டு போன குடைதான் அது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அப்பா எடுத்துப்போனார், அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மெதுவாக, "எவ்ளோ பாக்கி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். அப்பா கடன் வாங்கியிருந்தார். அப்படி ஒரு கடன் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இன்னும் பதினான்கு தவணை இருந்தது. அது தீர்ந்தால்தான் அப்பாவின் டெபாசிட்டைத் தொடமுடியும். அப்பா இறந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் நீல மையில் வரவு எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நேரில்' என்று ஒரு வார்த்தை.

அம்மா அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள். கணக்கர் நீட்டிய குடையை வாங்கவில்லை.

"இங்கயே வெச்சிருங்க. அவரே வந்து வாங்கிக்குவாரு" என்றாள்.

படியிறங்கும்போது நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கணக்கர் சொன்னதுகூட அவ்வளவு பயமாக இல்லை. அம்மா சொன்னதுதான் பயமாக இருந்தது. தெருவுக்கு வந்ததும், "மாமாகிட்ட சொல்லாத" என்றாள். அன்று மாலை மாமா கேட்டதற்கு, "அடுத்த மாசம் வரச் சொன்னாங்கண்ணா" என்று கண்ணை இமைக்காமல் பொய் சொன்னாள். அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மாதம் முழுவதும் நான் சாலையில் போகும் ஆண்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் யாராவது அப்பா மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொசைட்டிக்கு மட்டும் வருகிறவர் ஏன் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார் என்று கோபமும் வந்தது. வழி தெரியாதா என்ன?

ஒன்பதாம் தேதி அம்மாவே எனக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதினாள். சொசைட்டி திறந்ததுமே போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். ஒவ்வொருவராக வந்து போனார்கள். பதினொன்றரை இருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் லேசாகவும் விழும் அந்தச் சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன்.

வெளிர்நீலக் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு எடுத்தது, முதுகில் இஸ்திரிப்பெட்டி சுட்ட காவி நிற அடையாளம்கூட அப்படியே இருந்தது. நேராகக் கம்பி வலைக்குப் போய் நின்றார்.

"வாங்க சார். உங்க குடை" என்றார் கணக்கர். அவர் குடையை வாங்கி உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். எனக்கு "அப்பா" என்று தொண்டை வரை வந்துவிட்டது. அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

அப்போதுதான் அவர் பணத்தை எண்ணினார். இடதுகையால் எண்ணினார்.

எங்கள் குடும்பத்தில் இடதுகைக்காரர் ஒருவர்தான், அப்பாவின் தம்பி. சித்தப்பா ஆட்டோ ஓட்டினார், பாலவாக்கத்தில் இருந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை, ஒரே நடை, மீசை ஒன்றுதான் வித்தியாசம். அப்பாவுக்கு மகன் இல்லை என்பதால் அவர்தான் கொள்ளி வைத்தார். அதற்காக மீசையை எடுத்தவர் திரும்ப வைக்கவில்லை போலிருக்கிறது. காரியத்தன்று அப்பாவின் சட்டைகளை அம்மாதான் அவருக்குக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து குடையை எடுத்துப்போனதும் அவராகத்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆட்டோ வந்ததும் மனுஷன் மாறிட்டான் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டோ வாங்கத்தான் அப்பா கடன் வாங்கியிருக்கிறார். கணக்கர் முதல்முறை "வாங்க சார்" என்று கூப்பிட்டபோது சித்தப்பா ஆமாம் என்றும் சொல்லியிருக்கமாட்டார், இல்லை என்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆள் இல்லை என்று தெரிந்த மறுநாளே டெபாசிட்டைக் கடனுக்குப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் வளர்ந்த பிறகு மாமா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சித்தப்பா இறங்கிப் போனார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தெருவுக்கு வந்ததும் நான் சொன்னேன்.

"அம்மா, அது சித்தப்பா."

"தெரியும்."

"அப்ப ஏன் கூப்பிடல?"

அம்மா எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள்.

எனக்குப் பயம் அன்றோடு போய்விட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஒன்பதாம் தேதியும் எனக்கு வயிற்றுவலி வந்தது. அதற்கடுத்த மாதமும். சம்பளம் பேங்குக்கு வந்தது, வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போயின. அம்மாவுக்கும் கார்டு வந்துவிட்டது, மாமாவைவிட நன்றாக நம்பரை நினைவு வைத்திருந்தாள். ஆனாலும் சொசைட்டியில் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, ஒன்பதாம் தேதிகளில் ஐம்பது ரூபாய் கட்டுவதைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பதாம் தேதிகளில் மட்டும் தலையில் பூ வைத்துக்கொள்வாள். அப்பா போனபின் மற்ற நாட்களில் வைப்பதில்லை. எனக்கு அது மறுபடியும் பயமாக இருந்தது. அந்தச் சட்டையின் முதுகை அவள் பார்க்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

சித்தப்பா ஒருதடவைகூடத் திரும்பவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று கணக்கர் நினைத்திருக்கவேண்டும். அது பத்துக்குப் பத்து அறை. அவ்வளவு சின்ன அறையில் திரும்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

பதினான்காவது தவணை கட்டிய அன்று கணக்கர் எழுந்து நின்று வலைக்கு அடியில் கையை நீட்டிக் குலுக்கினார். "தீந்துது சார். சந்தோஷம்." சித்தப்பா கடைசி ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதமும் நாங்கள் போனோம். அம்மா பூ வைத்திருந்தாள். பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. செருப்புச் சத்தம் வரவில்லை. சாப்பாட்டுக்கு மூடப்போகும் நேரத்தில் கணக்கர், "சார் திரும்பவும் குடைய வுட்டுட்டுப் போயிட்டாரும்மா" என்றார். வலைக் கம்பியில் அது மாட்டியிருந்தது.

அம்மா எழுந்து போனாள். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்து, காகிதத்தை வலைக்கு அடியில் தள்ளினாள். கணக்கர் இந்தத் தடவை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார். தேதியைப் படித்தார். மறுபடி மேலே போய்த் தேதியைப் படித்தார். பேரேட்டைத் திறந்து அந்த நீல மை வரிகளைப் பார்த்தார்.

"அப்ப நான் யாருக்கும்மா ரசீது குடுத்தேன்?"

"அவருக்குத்தான்" என்றாள் அம்மா. "குடையக் குடுங்க."

அடுத்த பொங்கலுக்கு சித்தப்பா மீசையோடு வீட்டுக்கு வந்தார். அம்மா சாப்பாடு போட்டாள். சொசைட்டிப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

ஆனால் குடையை வாங்கிக்கொண்டு சொசைட்டியிலிருந்து திரும்பிய அன்று அம்மா குளத்தருகே வந்ததும் நடக்கமுடியாதவள்போலப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தலையிலிருந்த பூவைத் தானே எடுத்தாள். ஆஸ்பத்திரியிலும் சரி, பதினாறாம் நாளும் சரி, மற்றவர்கள் வியக்கும்படி அழாமல் இருந்தவள், வெட்டவெளியில், நடுமதியத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கணக்கர் ஏதோ தகராறு செய்வார், டெபாசிட் கிடைக்காது என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பணம் வந்துடும்மா, அழாத" என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.