காய்ச்சிய பாலும் பதினொரு மணி ஊசியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 7.50க்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோடு பேருந்தில் ஏறினேன். டிக்கெட் 45 ரூபாய். மடியில் ஐஸ் பெட்டி. மலைக்கோயிலுக்கா என்று கேட்ட நடத்துனரிடம், சீக்குப் பால் வாங்க என்றேன். அதன்பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

சில கிருமிகள் உள்ளே போன மருந்தை வெளியே துப்பிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். மிளகிலிருந்து பிரித்தெடுத்த பொருளை மருந்தோடு சேர்த்தால் துப்புவது நிற்குமா என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறோம். அதற்கு எந்த ஊசிக்கும் அடங்காத மடிநோய்க் கிருமி வேண்டும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாடு வளர்க்கும் சரோஜாக்காவின் செவலைப் பசுவுக்கு அதுதான் வந்திருந்தது. அவருக்கு இருப்பது அந்த ஒரே கறவை. தேறாவிட்டால் செவ்வாய்க்கிழமை விற்றுவிடுவார்கள். பதினொரு மணிக்குக் கால்நடை மருத்துவர் புது ஊசி போட வருவார். அதற்குமுன் கறந்த, புது மருந்து கலக்காத பால்தான் எனக்கு உதவும்.

9.20க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், 150 ரூபாய். பாதி வழியில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று திரும்ப முடியாமல் பாதையை அடைத்து நின்றது.

"போர் வண்டிங்க, பொறுத்துத்தான் ஆகோணும்," என்றார் ஆட்டோ ஓட்டுநர். போய்ச் சேரும்போது மணி 10.25.

சரோஜாக்கா சிரித்தபடி பால் இருந்த தூக்குப்போசியை நீட்டினார். கை சுட்டது.

"கெட்டுப்போயிருமுன்னு நல்லாக் காய்ச்சி வெச்சிருக்கறன் சாமி."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அதில் ஒரு கிருமிகூட மிஞ்சியிருக்காது. அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் பால் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னவளே நான்தான்.

"கிருமி உசுரோட வேணுங்க்கா."

"நோவுக் கிருமியா? உசுரோடயா?"

மறுபடி கறக்க உட்கார்ந்தோம். வீங்கிய மடி கொதித்தது. பசுவின் முதல் உதையிலேயே, பால் பிடிக்கப் பெட்டியில் கொண்டுவந்த கண்ணாடிக் குழாய் ஒன்று நொறுங்கியது. இருந்தது இன்னும் ஒன்றுதான். "நில்லு சாமி, நில்லு," என்று அக்கா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் மிச்சக் குழாயைக் காம்புக்கு அடியில் பிடித்துக் கறந்தேன். மருத்துவரின் பைக் சத்தம் கேட்டபோது திரிதிரியாய் ஒரு கரண்டி பால் கிடைத்திருந்தது.

செவ்வாய் காலை, ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை வளர்த்த தட்டைத் திறந்தேன். மருந்து மட்டும் வைத்த இடத்தில் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது. மிளகுப் பொருளும் சேர்த்த இடத்தில் சுற்றிலும் கிருமியே இல்லாமல் துல்லியமாய் ஒரு வெற்றுவட்டம். துள்ளிக் குதித்து அக்காவுக்கு போன் போட்டேன்.

"அப்ப அந்த மருந்து எப்பங்க வரும்? சனிக்கெழம போட்ட ஊசியும் கேக்கலீங்க. மாடு வாங்கறவரு வாசல்ல நிக்கறாரு."

தட்டில் பலித்தது பசுவில் பலிக்குமா என்று தெரியவே வருடக்கணக்காகும். சொன்னேன். போனில் அக்காவுக்குப் பின்னால் செவலை கத்துவது கேட்டது.

இப்படிப் பால் எடுக்கப் போகிறவர்களுக்கு: நான்கு குழாயாவது கொண்டுபோங்கள், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், காய்ச்ச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் ஊசியோடு மிளகை அரைத்துக் கொடுக்காதீர்கள். மருந்து எப்போது வரும் என்று மாட்டுக்காரர்கள் கேட்பார்கள். அதற்கும் ஒரு பதிலை யோசித்துக்கொண்டு போங்கள். நான் ஐஸ் பெட்டியை மட்டும்தான் கொண்டுபோயிருந்தேன்.