பேத்தி படிப்பித்த பிரெஞ்சு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால். யாழ்ப்பாணத்தை அடுத்த புத்தூரில் கடும் வெயில், புழுதிக் காற்று. மகளின் மகள், தான் கட்டப்போகும் பையனோடு பாரிசிலிருந்து என் வீட்டில் வந்து இறங்கினாள்.

அவளுக்கு அங்கே நகரசபையில் வேலை. எல்லா இனத்தவரையும் சமமாக நடத்துவது எப்படி என்று உத்தியோகத்தர்களுக்கு வகுப்பு எடுப்பாள். ஞாயிறுகளில் எனக்கும் தொலைபேசியில் அந்தச் சொற்களைப் படிப்பித்தாள். பலவிதமானவர்களும் கலந்திருப்பது ‘திவெர்சித்தே’. ஒருவரையும் வெளியே விடாமல் சேர்த்துக்கொள்வது ‘அங்க்ளூசியோன்’. முப்பத்தொரு சொல் பாடமாக்கினேன். பையனை வரவேற்க ஒரு வசனமும்: ‘வூ ஸெத் ஷே வூ.’ இது உங்கள் வீடு.

“கலியாணம் உங்கடை வீட்டிலதான், அம்மப்பா,” என்று சொல்லியிருந்தாள். தாலிக்குப் பொன்னுருக்கும் நாளுக்குப் பந்தல்காரனுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டேன்.

பையனைப் பார்க்க என் அண்ணை வந்தார்.

“தம்பியின்ரை தாய் தகப்பன் எந்த ஊர்?”

“பருத்தித்துறை.”

“அதில எவடம்? எந்தக் கோயிலடி?”

இங்கே அந்தக் கேள்வி சாமியைப் பற்றியதல்ல, சாதியைப் பற்றியது. பிரான்சில் பிறந்தவனுக்கு அது தெரியாது. சந்தோஷமாகக் கோயிலின் பெயரைச் சொல்லி, தகப்பன் அங்கே தேர் இழுத்த கதையையும் சொன்னான்.

அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்தார்.

“தோட்டத்தில வேலை கிடக்கு.”

எங்கள் குடும்பத்தில் மூத்தவர் கோபித்து எழும்பினால், பின்னால் போய் வாசல் படலையில் மறிக்க வேண்டும். கால் தானாகவே போய்விடும். போனேன்.

“அண்ணை, நில்லுங்கோ.”

“வெள்ளைக்காரனைக் கொண்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. உவனுக்கு இந்த வீட்டில பொன்னுருக்கினால் நான் இனி உன்ரை படலை மிதியன்.”

திரும்பி வந்தபோது அவர்களின் பயணப் பெட்டி இரண்டும் வெளி விறாந்தையில் நின்றன. பையன் விளங்காமல் முழித்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. நான் அவன் கையைப் பிடித்து அந்த வசனத்தைப் பிசகாமல் சொன்னேன்.

“உச்சரிப்பு நல்லாயிருக்கு, அம்மப்பா,” என்று அழுதாள். “ஆனா நீங்கள் அவருக்குப் பின்னாலயெல்லோ போனியள்.”

கலியாணம் பாரிசில் நடந்தது. படத்தை மகள் அனுப்பினாள். ஞாயிறுகளில் தொலைபேசி அடிப்பதில்லை. சொற்களை மட்டும் இன்னும் சொல்லிப் பார்க்கிறேன், முப்பத்தொன்றும் இருக்கின்றன.

அன்று யாழ்ப்பாணத்து விடுதிக்கு அவர்களை ஏற்றிப்போன வானுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். பந்தல்காரன் திருப்பித் தராத முற்பணம் பத்தாயிரம். மொத்தம் பதினாலாயிரத்து ஐந்நூறு.